தலைவலி நோட்டு

ஜூலை 18, வியாழன்

இன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: என் மகன் லோகநாதன், மருமகள் வினோதினி, பேத்தி தன்ஷிகா, குழந்தை டாக்டர், எடை பார்க்கிற நர்ஸ் ஜெசிந்தா, நான். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். எனக்கு மட்டும் நாற்காலி இல்லை.

தன்ஷிகாவுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. மூன்று வாரமாகத் தலைவலி. காய்ச்சல் இல்லை, சளி இல்லை, வாந்தி இல்லை. காலையில் நன்றாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். மத்தியானம் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்.

"பயப்படற மாதிரி இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஒரு நோட்டுப் போடுங்க. என்னைக்கு வலிக்குது, எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டா, என்ன செஞ்சா, எல்லாத்தையும் எழுதுங்க. மூணு வாரம் கழிச்சு நோட்டோட வாங்க" என்றார்.

"எங்கம்மா ஊட்லதானுங்க இருக்குது. அது எழுதிரும்" என்றான் லோகு.

"அத்தை எழுதுவாங்களா?" என்றாள் வினோதினி. மணி பதினொன்றே கால். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுதுவேன். முதலில் இதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அவர்கள் மூவரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா குழந்தையை எடை மெஷினில் நிறுத்தினாள். பதினெட்டரைக் கிலோ. சின்னப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். என்னிடம் முடியைப் பற்றி என்னவோ சொன்னாள். தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாததால் இங்கே எழுதவில்லை.

ஜூலை 19, வெள்ளி

எழுந்தது ஆறரை. பால் அரை டம்ளர். இட்லி இரண்டு, சட்னி தொடவில்லை. ஏழேகாலுக்கு வினோதினி நூல் மில் பஸ் ஏறினாள். ஏழரைக்கு ஜடை. எட்டேகாலுக்கு வேன். தலைவலி பன்னிரண்டு மணிக்கு. வீடு வந்ததும் தைலம் தடவி, பழைய வேட்டியைக் கிழித்து நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். "நல்லா இருக்குதா சாமி?" என்றேன். "ம்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னதால் ஜடையைப் பற்றியும் எழுதுகிறேன். என் சொந்த ஊரான கோபிப் பக்கம் கல்யாணம், சடங்கு என்று எந்த வீட்டுச் சீருக்கும் பெண்ணுக்குப் பூஜடை வைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கைப் பின்னல் மூன்று நாள் தாங்கும். தண்ணீர் தொட்டுப் படிய வாரி, நெற்றி முடி ஒன்றுகூட ஆடாமல் இழுத்துப் பிடித்தால் கண்ணின் ஓரம் இரண்டும் இத்தனூண்டு மேலே ஏறும். அம்மன் கண் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் ரெட்டை ஜடை மடித்து ரிப்பன் கட்ட வேண்டும் என்று சட்டம். தன்ஷி கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்காருவாள். அழாத பிள்ளை. எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 10, பள்ளிக்கூடம் திறந்த அன்று, "பாப் வெட்டிரலாமுங் அத்தை, காலைல ஒரு வேலை மிச்சம்" என்றாள் வினோதினி. பிப்ரவரி 4 அன்று நான் கேஸ் அடுப்பை அணைக்க மறந்தேன். ஒரே ஒரு தடவை. அன்றோடு சமையல் என் கையைவிட்டுப் போனது. துணிக்கு மெஷின், மாவுக்குக் கடை. மிச்சம் இருந்தது இந்தத் தலை ஒன்றுதான். "ஜடையும் வேண்டாம்னா எனக்கு இந்த ஊட்ல என்ன வேலை? கோபிக்குப் போயிடறேன், பஸ் ஏத்தி உடுங்க" என்றேன். தன்ஷி என் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜூலை 21, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முடியை விரித்துவிட்டேன். தலைவலி இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

கண் டாக்டரிடம் போனார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்து, சொட்டு மருந்து விட்டு, எழுத்துப் படிக்க வைத்து, கண்ணாடி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வினோதினி கண்ணாடி போடச் சொன்னால் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டு போனாளாம். பிள்ளைக்குக் கண் நன்றாக இருக்கிறது என்றதற்கு ஒரு தாய் ஆட்டோவில் அழுதுகொண்டு வந்து இறங்குவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

சாயங்காலம் சம்பந்தி சுலோச்சனா போன். வினோதினி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் அரிந்துகொண்டிருந்தாள். "எங்கூட்ல இருக்கறப்ப புள்ள ஒரு நாள் தலைவலின்னு சொன்னதில்லையே கண்ணு?" என்கிறது அந்த அம்மாள். நான் கூடத்தில் இருப்பது தெரிந்தேதான். லோகு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்றும் பார்க்காமல் என்னை இரண்டாம் பந்திக்குத் தள்ளியவள். 2015, தை மாதம். பாயசத்தில் முந்திரி தீர்ந்துபோயிருந்தது.

உப்பு, மிளகாய் வைத்துச் சுற்றி வாசலில் கற்பூரத்தோடு கொளுத்தினேன். மிளகாய் கமறவே இல்லை. அப்படியானால் கண்ணேறுதான். யாருடைய கண் என்று எழுத மாட்டேன். காய் அரிகிறவளுக்குக் கோபம் வரும்.

இன்றும் தலைவலி. பதினொன்றே முக்கால்.

ஜூலை 26, வெள்ளி

இருவரும் லீவு போட்டு டீச்சரைப் பார்க்கப் போனார்கள். நானும் போனேன், கூப்பிடவில்லை, போனேன்.

"தன்ஷிகா பொய் சொல்ற குழந்தை இல்லைங்க" என்றார் டீச்சர். "மத்தியானம் ஆச்சுன்னா டெஸ்க்ல தலை வெச்சுக்கறா. ரிப்பனைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பா. நான்தான் அதட்டுவேன், பாட்டி எவ்வளவு அழகாப் பின்னி விட்டிருக்காங்க, கலைக்காதேன்னு. கிளாஸ்லயே நீட்டா வர்ற தலை இவளோடதுதான்."

நல்ல டீச்சர்.

வரும் வழியெல்லாம் சண்டை. போன் பார்க்க விட்டது யார், ஜன்னல் ஓரம் உட்காரவைக்கச் சொல்லாதது யார், பூச்சி மருந்து கொடுக்க மறந்தது யார். ஆட்டோக்காரன் சத்தம் தாங்காமல் ரேடியோவைக் கூட்டினான்.

ஜூலை 30, செவ்வாய்

லோகு மூன்றாவது தடவை பம்பு கம்பெனியில் பாதி வேலையில் கிளம்பி, குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க வலிக்குது? சரியாக் காட்டு."

குழந்தை நெற்றியைத் தொட்டாள். பிறகு காதுக்குப் பின்னால். பிறகு உச்சி.

"நேத்து இங்கன்னே. இன்னைக்கு அங்கங்கறே. ஸ்கூலுக்குப் போகப் புடிக்கலைன்னா நேரா சொல்லித் தொலை! எதுக்கு நடிக்கறே?"

முதுகில் ஒன்று வைத்தான். அவன் அவளை அடித்தது இதுதான் முதல் தடவை. அப்போதும் அவள் சத்தம் போடவில்லை, பல்லைக் கடித்தாள்.

வினோதினி மில்லிலிருந்து வந்ததும் விஷயம் தெரிந்து பையை வீசினாள். "டாக்டருக்கே தெரியல. ஆறு வயசுப் புள்ள எங்க வலிக்குதுன்னு கரெக்டாச் சொல்லோணுமா? போன்ல படிச்சேனுங்க. தலைக்குள்ள கட்டி இருந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்குமாம். இப்படித்தான்!" அந்தச் சொல்லை இந்த வீட்டில் இன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்கள். லோகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் இருந்தான். வெளியே வந்தபோது தலை நனையவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

நான் எதுவும் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆடி பதினெட்டுக்குக் கோபி போயிருந்தேன். புதன் சாயங்காலம் போய் நேற்றுத் திரும்பினேன். வாசல் ஏறுவதற்குள் வினோதினி சிரித்த முகமாக வந்து, "அத்தை, நாலு நாளா வலியே இல்லைங்! வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ஸ்கூல்ல சாப்பாடு பூராத்தையும் சாப்பிட்டிருக்கறா" என்றாள்.

நான் போனதும் வலி போய்விட்டது என்கிறாளா?

இரண்டு நாளும் அவள்தான் தலை சீவி அனுப்பியிருக்கிறாள். ஒரே ரப்பர் பேண்டில் தொளதொளவென்று குதிரைவால். ரெட்டை ஜடை கட்டி அனுப்பவும் என்று டீச்சர் பள்ளிக்கூட நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். எனக்குக் கூசிப்போனது. இன்று காலை அதற்கும் சேர்த்துப் பின்னினேன்.

ஜடை ஏழரை. தலைவலி பதினொன்றரை.

குழந்தையைக் கூட்டிவந்த வினோதினி மில்லுக்குத் திரும்பிப் போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நாலு நாள் சந்தோஷப்பட்டதற்குத் தண்டனை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டாக்டர் வெள்ளிக்கிழமை மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். மெஷினுக்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டுமாம். ஆறு வயதுக் குழந்தை படுக்காது. அதனால் கையில் ஊசி குத்தி மயக்கம் கொடுப்பார்கள். அதற்குச் சம்மதம் என்று தாய், தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும். லோகு இரண்டு தடவை பேனாவைத் திறந்து மூடினான். வினோதினி படிக்காமலே போட்டாள்.

ரசத்தில் உப்பு இல்லை. யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தலைவலி பன்னிரண்டேகால்.

ஆகஸ்ட் 7, புதன்

ஜூலை 18 அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

எடை மெஷின் பக்கத்தில் ஜெசிந்தா தன்ஷியின் நெற்றியோரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே இருந்தவர்கள் காதில் விழாதபடி என் பக்கம் குனிந்து, "பாட்டி, முடிய இவ்வளவு இறுக்கிப் பின்னாதீங்க. இங்க பாருங்க, முடிக்கால்ல சின்னச் சின்னதாச் சிவந்திருக்குது. இதுக்கே மத்தியானத்துக்குள்ள தலை வலிக்கும். கொஞ்சம் லூசா உட்டுப் பாருங்க" என்றாள்.

"நாப்பது வருசமாப் பின்றேன். ஒருத்தி தலையும் கழண்டு விழுகல" என்றேன்.

அவள் சிரித்தாள். "சரிங்க பாட்டி" என்று அடுத்த குழந்தையைக் கூப்பிடப் போய்விட்டாள்.

இவ்வளவுதான் நடந்தது.

இன்று காலை தளர்த்திப் பின்னினேன். என் கை எனக்கே பிடிபடவில்லை. நெற்றியில் நாலு முடி ஆடிக்கொண்டிருந்தது. ரிப்பன் கட்டி முடித்துக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். "இன்னும் ஆரம்பிக்கலையா அப்பத்தா?" என்றாள்.

தலைவலி இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்றும் தளர்த்தித்தான் பின்னினேன். தலைவலி இல்லை.

இதைச் சொன்னால் வினோதினி என்ன பேசுவாள் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். பத்து நிமிடத்தில் சுலோச்சனாவுக்குப் போன் போகும். அந்த அம்மாள் சொல்லப்போவதும் தெரியும். லோகு ஒன்றும் பேச மாட்டான், அது இன்னும் மோசம்.

நாளைக்கு ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை என்று வரும். அப்புறம் நான் தளர்த்தியே பின்னிக்கொள்கிறேன். வலி தானாகப் போனது என்று இருக்கட்டும். ஒரு ஊசிதானே. எத்தனையோ குழந்தைகளுக்குப் போடுகிறார்கள்.

நாளைக்கு விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதாம். "பசிச்சா அழக் கூடாது, நீ தைரியசாலிதானே?" என்று வினோதினி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது நான் தினமும் ஏழரை மணிக்குச் சொல்கிற வார்த்தை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இருந்தவர்கள்: லோகநாதன், வினோதினி, தன்ஷிகா, டாக்டர், ஜெசிந்தா, நான். அதே ஆறு பேர். இன்று எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார முடியவில்லை.

ஜெசிந்தாதான் ஊசிக்கு நரம்பு தேட வந்தாள். குழந்தையின் முழங்கைக்கு மேலே ரப்பரைச் சுற்றி இறுக்கினாள். லோகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். வினோதினி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள். தன்ஷி அழவில்லை. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, கழுத்தை நேராக வைத்துக்கொண்டாள்.

அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் நாள் தவறாமல் பார்க்கிறேன். அது அழாத பிள்ளையின் முகம் என்று நினைத்திருந்தேன்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாய் இப்படி ஏமாற்றியது இதுவரை இல்லை. நோட்டு மடியில் இருந்தது, மூன்று வாரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார்கள் அல்லவா. புதன்கிழமைப் பக்கத்தைப் பிரித்து டாக்டர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"அம்மா, இப்ப எதுக்கு அது?" என்றான் லோகு.

"படிக்கட்டும்" என்றேன்.

டாக்டர் நின்றுகொண்டே படித்தார். முன் பக்கங்களைத் திருப்பினார். திங்கள், ஞாயிறு, கோபி போன நாட்கள், எல்லாவற்றின் மேலும் விரலை ஓட்டினார். பிறகு "ஒரு நிமிஷம் நிறுத்துங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் முடியைப் பிரித்து ஓரமெல்லாம் பார்த்தார்.

"பாப்பா, தலை பின்றப்ப வலிக்குமா?"

தன்ஷி என்னைப் பார்த்தாள்.

"சொல்லு சாமி" என்றேன்.

"சொன்னா அப்பத்தா கோபிக்குப் போயிரும்" என்றாள்.

வினோதினி குழந்தையின் காலை விடவே இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். லோகு சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தான்.

"ஸ்கேன் இன்னைக்கு வேண்டாம்" என்றார் டாக்டர். "ரெண்டு வாரம் இறுக்காம உட்டுப் பார்ப்போம். அப்பவும் வலி வந்தா, இல்லை வாந்தி கீந்தி எடுத்தா உடனே கொண்டாங்க, எடுத்துரலாம்." பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "நீங்க மொத நாளே சொன்னீங்களா சிஸ்டர்?" என்றார்.

"நான் சரியாச் சொல்லலைங்க சார். மெதுவாச் சொன்னேன். பாட்டிக்குக் காதுல விழுந்திருக்காது" என்றாள்.

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதி டாக்டர் கையில் இருக்கிறது. அதற்கு மேலும் அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டு ரப்பரை அவிழ்த்தாள். குழந்தையின் கையில் சுற்றிலும் ஒரு கோடு சிவந்திருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

முடி வெட்டியாயிற்று. தோளுக்கு மேலே. நான் கூடப் போகவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

நோட்டு இன்று காலைதான் என் கைக்கு வந்தது. சனி ராத்திரியிலிருந்து வினோதினியிடம் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டாள். நான் அவளைப் பற்றி எழுதியது, அவள் அம்மாவைப் பற்றி எழுதியது, கண்ணேறு, காய் அரிவது, எல்லாம். திட்டட்டும் என்று, கோபிக்குப் போகப் பையைக் கட்டிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை" என்றாள், நின்றபடியே. "உங்களை ரெண்டாம் பந்தில உக்கார வச்சது எங்கம்மா இல்லீங். எங்க பெரியம்மா."

"ஓ" என்றேன்.

"கேஸ் மறந்தது பிப்ரவரி அஞ்சுங்."

"நாலு. ஞாயித்துக்கெழம" என்றேன். அதை மட்டும் விட முடியாது.

அவள் சிரிக்கவில்லை. "புள்ள தலைக்குள்ள என்னமோ இருக்குதுன்னு நான் பாத்ரூம்ல போய் வாயப் பொத்திக்கிட்டு அழுதேனுங் அத்தை. அதை நீங்க எழுதல. உங்களுக்குத் தெரியாது." எனக்குத் தெரியும். எழுதவில்லை.

பிறகு கைப்பையை மாட்டிக்கொண்டு, "ஜடை வேலை இல்லை இனிமே. காலைல தோசை நீங்க சுடுங்க. அணைக்கறதுக்குத் தன்ஷி ஞாபகப்படுத்துவா. அவ கிட்டச் சொல்லி வச்சிருக்கறேன்" என்றாள். பஸ் ஹாரன் அடித்தது, ஓடினாள்.

ஏழரை மணிக்குக் கை சும்மா இருந்தது. சீப்பை எடுத்தேன், வைத்தேன். தன்ஷி தானே தலையைச் சீவிக்கொண்டு வந்தாள், வகிடு கோணல். அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தோசைக்கும் "அப்பத்தா, கேஸ்!" என்று கத்தினாள். கடைசித் தோசை வரை அணைத்து அணைத்துப் பற்றவைத்தேன். நான் கட்டிவைத்த பை காணோம். தேடியதில் அவளுடைய பொம்மைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. எடுக்கவில்லை.

தலைவலி இல்லை.

லோகு முதுகில் வைத்ததை விட்டுவிட்டேன். அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. "அத்தை எழுதுவாங்களா" என்றதையும் விட்டுவிட்டேன். சுலோச்சனாவைப் பந்தி விஷயத்தில் விட்டாயிற்று, பெரியம்மாவைப் பிறகு பார்க்கலாம்.

ஆனால் அந்த நர்ஸ். என் மானம் போகக் கூடாது என்று அவள் குனிந்து காதோடு சொன்னாள். யார் கேட்டார்கள் அந்த மரியாதையை? அன்றைக்கே என் மகன் காதில் விழ, மருமகள் காதில் விழ, அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கக் கத்தியிருக்க வேண்டும். கத்தியிருந்தால் நான் ஒரு நாள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதான். மெதுவாகச் சொன்னாள். இருபத்திரண்டு நாள் அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. வெள்ளிக்கிழமையும் பாட்டிக்குக் காது கேட்கவில்லை என்று எனக்காகப் பொய் சொன்னாள்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் பேரும் நன்றாக ஞாபகம் இருக்கும், கட்டையில் போகும் வரைக்கும். மற்ற எல்லோரையும் மன்னித்தாலும் இவளை மன்னிக்க மாட்டேன். ஜெசிந்தா.